உப்பு ஏறாத நீச்சலுடை

"நக்கிப் பாரு," என்றாள் அண்ணி.

கொடியில் தொங்கிய கறுப்பு நீச்சல் கால்சட்டையைப் பார்த்தேன். அதன் சொந்தக்காரர் ஒரு டச்சுக்காரர், ஆறடி மூன்று அங்குலம், எனக்கு அறிமுகமாகி முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பிறகு அண்ணியைப் பார்த்தேன்.

"இதுக்குத் தனியா படி ஏதாவது உண்டா?"

"நாலு மணிக்குள்ள கேஸ் முடியலேன்னா இந்த மாசச் சம்பளமே கிடையாது. நக்குடா."

கண்ணை மூடிக்கொண்டு நாக்கின் நுனியால் தொட்டேன்.

"வெறும் குழாய்த் தண்ணி அண்ணி. உப்பு துளி இல்ல."

"பக்கத்துல இருக்கறது?"

பக்கத்தில் தொங்கியது அந்த மனுஷரின் மனைவியுடைய நீச்சலுடை. அதை நக்கத் தேவைப்படவில்லை. கருவாடு மாதிரி விறைத்து, ஓரமெல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தது.

"புருஷனும் பொண்டாட்டியும் ஏழு வாரமா தினம் ஒண்ணா கடலுக்குப் போறாங்களாம்," என்றாள் அண்ணி. "இவ துணியில கடல் இருக்கு. அவன் துணியில முனிசிபாலிட்டி இருக்கு. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. உன் நீச்சலுடைய எடுத்துக்கோ, கடற்கரைக்குப் போறோம்."

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி அல்ல, முன்னாள் மனைவி. பெயர் ஃபுல்வியா. விவாகரத்தில் வீட்டுச் சாமான்களைப் பங்கு பிரித்தபோது அண்ணனுக்குக் கார் போயிற்று, அண்ணிக்கு நான் வந்தேன். என் பெயர் நெரேயோ. எங்கள் இத்தாலியத் துறைமுக ஊரான ட்ரியெஸ்தேவில் நாய் தொலைந்தாலும் நகை தொலைந்தாலும் கணவன் தொலைந்தாலும் அண்ணியிடம்தான் வருவார்கள். கணவன்களை மட்டும், கண்டுபிடித்த பிறகு, வாங்கிப் போக ஆள் வருவதில்லை.

இந்தத் தடவை தொலைந்தது ஒரு கல்யாண மோதிரம்.

அந்த டச்சுத் தம்பதி யோரிஸும் மார்லேனும் மெதுவாகப் பயணம் செய்கிறவர்களாம். அதாவது, ஒரு ஊரில் மூன்று நாள் இருந்துவிட்டு ஓடினால் அவன் சுற்றுலாப் பயணி. எட்டு வாரம் தங்கி, தினம் ஒரே கடையில் ரொட்டி வாங்கி, அந்த ரொட்டியைப் படம் பிடித்து அதன் கீழே அரைப் பக்கம் எழுதினால் அவன் ஞானி. யோரிஸின் இணையப் பக்கத்தை நாற்பதாயிரம் பேர் படிக்கிறார்கள். வேலை இல்லாதவர்கள் ஐரோப்பாவில் அவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர்களுக்கு இரண்டாம் மாடியை வாடகைக்கு விட்டவள் நீவெஸ் அம்மாள், மூன்றாம் மாடியில் இருக்கிறாள். இந்த ஊரில் அறுபத்து மூன்று வருடமாகக் காபி குடிக்கும் அவளுக்கே, இந்த ஊரில் எப்படிக் காபி கேட்க வேண்டும் என்று யோரிஸ் பாடம் நடத்தியிருக்கிறார். அதற்கே அவரைப் பெட்டியோடு வெளியே தள்ளியிருக்கலாம். நல்ல பொம்பளை, பொறுத்துக்கொண்டாள்.

புதன்கிழமை மாலை யோரிஸ் தன் மனைவியின் மோதிரத்தைக் காணோம் என்றார். செவ்வாய்க்கிழமை காலை பத்திலிருந்து ஒன்றுவரை தம்பதி கடற்கரையில். மோதிரம் சமையலறைக் கிண்ணத்தில். அந்த நேரத்தில் சாவி போட்டு உள்ளே வந்தவள் ராட்மிலா ஒருத்திதான். ராட்மிலா செர்பியாக்காரி, பதினாறு வருடமாக இங்கே வீடு துடைத்துப் பிழைக்கிறாள். புதன் இரவே யோரிஸ் அவள் படத்தைப் போட்டு, ‘நம்பிக்கையின் விலை’ என்று தலைப்பும் கொடுத்து எழுதிவிட்டார். வியாழன் மதியத்துக்குள் மூன்று வீட்டுக்காரர்கள் அவளை வர வேண்டாம் என்றுவிட்டார்கள். அன்று நாலு மணிக்கு யோரிஸ் போலீஸ் ஸ்டேஷனில் புகாரில் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. போட்டுவிட்டால், அடுத்த மாதம் ராட்மிலாவுக்கு வரவேண்டிய குடியுரிமைக் காகிதம் வராது. பதினாறு வருடம் அந்த ஒரு காகிதத்துக்காகக் காத்திருந்தவள் அவள்.

"என் வீட்டுச் சாவி ஒம்பது வருஷமா அவகிட்ட இருக்கு," என்று எங்களை வரவழைத்த நீவெஸ் அம்மாள் சொன்னாள். "எடுக்கணும்னா என் நகைய எடுத்திருப்பா. இவங்ககிட்ட என்ன இருக்கு? ரொட்டி!"

கால்சட்டையை நக்குவதற்கு முன்னால் தம்பதியை விசாரித்தோம். சமையலறையில் உட்காரவைத்தார்கள்.

"நாங்கள் சுற்றுலாப் பயணிகள் அல்ல," என்று ஆரம்பித்தார் யோரிஸ். யாரும் கேட்கவில்லை. "நாங்கள் இங்கே வசிக்கிறோம்."

பாடப்புத்தகத்தில் படித்த மொழி. ஒவ்வொரு சொல்லும் இஸ்திரி போட்டுக்கொண்டு வெளியே வந்தது.

"மோதிரத்தைக் கடைசியா எப்ப பாத்தீங்க?" என்று அண்ணி கேட்டாள்.

"திங்கட்கிழமை இரவு. மார்லேன் பீச் பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். விளக்கின் ஒளி அவள் மோதிரத்தின் மீது விழுந்தது. அக்கணம் நான் நன்றியுணர்வு கொண்டேன்."

"மோதிரத்துக்கா, விளக்குக்கா?" என்றேன். மேசைக்கு அடியில் அண்ணி என் காலை மிதித்தாள்.

"பதினோரு ஆண்டுகளாக அவள் அதைக் கழற்றியதே இல்லை. செவ்வாய்க்கிழமை மட்டும்தான். அன்று அலைகள் அதிகம்."

மார்லேன் கிண்ணத்தைச் சுட்டிக் காட்டினாள். ஏழு வார வெயிலில் நன்றாகக் கறுத்திருந்தாள். நீட்டிய கை, தோளிலிருந்து நகம்வரை ஒரே நிறம்.

"இதுலதான் வெச்சேன்," என்றாள். அண்ணி அந்தக் கிண்ணத்தைப் பார்க்கவே இல்லை. எழுந்து, பின்கட்டுக் கொடியில் என்ன தொங்குகிறது என்று பார்க்கப் போனாள். அதன் பிறகு என் நாக்குக்கு நேர்ந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே.

பெடோச்சின் கடற்கரையில் சீட்டு வாங்கும்வரைதான் ஆணும் பெண்ணும் ஒன்று. உள்ளே நுழைந்ததும் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளைச் சுவர், கரையைப் பிளந்துகொண்டு கடலுக்குள் இறங்கும். அந்தப் பக்கம் பெண்கள், இந்தப் பக்கம் ஆண்கள். சுவரை இடித்துவிடலாமா என்று எப்போதாவது யாராவது வாயெடுத்தால் முதலில் அடிக்க வருவது பெண்கள்தான். பொய் பேசும் தம்பதியை விசாரிக்க இதைவிட வசதியான இடம் உலகத்திலேயே கிடையாது.

"நீ அவனைக் கேளு, நான் இவளைக் கேக்கறேன்," என்று சொல்லிவிட்டு அண்ணி துண்டோடு இடப்பக்கம் மறைந்தாள்.

ஆண்கள் பக்கத்தில் வழக்கம்போலப் பாதி காலி. நிழலில் தூலியோ சீட்டு ஆடிக்கொண்டிருந்தார், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மே மாதம் வந்து உட்கார்ந்தால் அக்டோபரில்தான் எழுந்திருப்பார்.

"டச்சுக்காரனா? உசரமா, வெள்ளையா, காலு மட்டும் படகு மாதிரி?" என்றார் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அவரேதான். தினம் வராரா?"

"பத்து மணிக்கு டாண்ணு வருவான். துண்டை விரிப்பான். அதுமேல படுத்து, கடல் தெரியற மாதிரி தன் காலைப் போட்டோ எடுப்பான். எடுத்த கையோட சட்டைய மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவான். துண்டு மட்டும் இங்கேயே வெயில் காயும்."

"கடல்ல இறங்க மாட்டாரா?"

"ஏழு வாரமாச்சு. கடலுக்கு அவனை அடையாளமே தெரியாது. ஒரு மணிக்குத் திரும்பி வருவான், குழாயத் தொறந்து தலையில விட்டுப்பான், துண்டைச் சுருட்டிக்கிட்டுப் போயிடுவான்."

"நடுவுல மூணு மணி நேரம் எங்க போறாரு?"

தூலியோ சீட்டைக் கீழே வைத்தார். இந்தக் கேள்விக்காகவே ஏழு வாரமாகக் காத்திருந்தவர் போல முகம் மலர்ந்தது.

"என் மச்சினி பெரிய ஷாப்பிங் சென்டர்ல மேல்மாடி ஹாம்பர்கர் கடையில இருக்கா. தினம் பத்தரைக்கு வந்துடறானாம். ஏசிக்கு நேர் கீழ உக்காந்துடறான். ரெண்டு ஹாம்பர்கர், ஒரு பெரிய உருளை வறுவல். யாரும் பாத்துடக் கூடாதுன்னு செவுத்தப் பாத்தே சாப்பிடறானாம், தண்டனை குடுத்த பையன் மாதிரி."

கைப்பேசியில் யோரிஸின் பக்கத்தைத் திறந்தேன். ஜூலை பன்னிரண்டு, கடலும் காலும். கீழே: ‘காலையில் வலை வீசியவர் மதியம் தருவதை மட்டுமே உண்கிறோம்.’

"முந்தாநாள் செவ்வாய்க்கிழமையும் போனாரா?"

"செவ்வாய்க்கிழமை மூணு ஹாம்பர்கர். மச்சினி வந்து சொன்னா, நாங்க அரை மணி நேரம் சிரிச்சோம்."

எனக்கு அந்த மூன்றாவது ஹாம்பர்கர் காதில் விழவில்லை. ஆள் கடற்கரையில் இல்லை, அது போதும் என்று தோன்றியது. சுவரடிக்கு ஓடினேன்.

"அண்ணி! ஆள் மாட்டிக்கிட்டான்!"

"எந்த அண்ணி?" என்று சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல். "இங்க முந்நூறு அண்ணி இருக்கோம்!"

"குரலப் பாத்தா கல்யாணம் ஆகாத பய மாதிரி இருக்கு!"

"ஆகவும் ஆகாது, இப்படிக் கத்தினா!"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பிறகு அண்ணியின் குரல், அலட்டிக்கொள்ளாமல்: "என்ன?"

"புருஷன் செவ்வாய்க்கிழமை இங்க இல்ல! பத்தரைலேர்ந்து ஒரு மணிவரைக்கும் ஹாம்பர்கர் கடையில உக்காந்து மூணு ஹாம்பர்கர்..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கே புரிந்துவிட்டது.

"அப்ப வீட்டுக்கு எப்படா போனான், மோதிரத்த எடுக்க?" என்றது சுவர்.

அந்தப் பக்கத்து முந்நூறு அண்ணிகளும் எனக்காக ‘ச்சு’ கொட்டினார்கள்.

"அவன் திருடன் இல்லடா. வெறும் புளுகன். வாசலுக்கு வா."

வாசலில் அண்ணி தலை ஈரத்தோடு நின்றாள். வலது கையை மூடி வைத்திருந்தாள். சீட்டுக் கொடுக்கும் வில்மாவின் நோட்டுப் புத்தகத்தில் இடது கையால் ஏதோ கிறுக்கிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். வில்மாவுக்குப் பின்னால் ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணிகள்: கரையில் கண்டெடுத்த சாமான்களை மாட்டி வைப்பது. ஒற்றைக் கம்மல், குழந்தைக் கண்ணாடி, யாரோ மறந்துபோன கீழ்ப்பல் செட்டு.

"கேஸ் நடுவுல குளிச்சீங்களா?"

"கரையில உக்காந்து கேட்டா பொம்பளைங்க ஊர்க்கதை சொல்லுவாங்க. கழுத்தளவு தண்ணியில நின்னு கேட்டாத்தான் உண்மை வரும்."

"அவன் எடுக்கலேன்னா..." என்று இழுத்தேன். ராட்மிலாவை எனக்குப் பன்னிரண்டு வருடமாகத் தெரியும். "மிச்சம் இருக்கறது ராட்மிலா ஒருத்திதானே அண்ணி?"

அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் மீன் வெந்துவிடும்.

"உனக்குக் கண்ணு எதுக்குடா இருக்கு? ஹாம்பர்கர் எண்ணவா? காரை எடு."

மூன்று முப்பத்தைந்துக்கு யோரிஸ் கிளம்பத் தயாராக இருந்தார். வெள்ளைச் சட்டை, புகாருக்கென்று ஒரு தோல் பை. மார்லேன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நீவெஸ் அம்மாள் ராட்மிலாவையும் கூட்டி வந்திருந்தாள். வேலைக்கு வந்த வீட்டில் விருந்தாளியாக உட்கார மனசில்லாமல் ராட்மிலா கதவோரம் நின்றாள். முகம் வீங்கியிருந்தது. அழுதிருக்கிறாள், ஆனால் எங்கள் எதிரில் அழுவதாக இல்லை.

"எனக்கு நேரமில்லை," என்றார் யோரிஸ்.

"உங்களுக்கா?" என்றேன். "சரி, சீக்கிரம் கேட்டுடறேன். செவ்வாய்க்கிழமை கடல் எப்படி இருந்துச்சு?"

"கடல் என் தியானம்."

"தியானத்துக்கு உருளை வறுவல் பெரிசா வாங்கினீங்களா, சின்னதா?"

அவர் முகம் கழுத்திலிருந்து மேல்நோக்கிச் சிவந்தது. மூன்று ஹாம்பர்கரையும் ஏசியையும் சுவரையும் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தேன். மார்லேன் சிரித்தாள். அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். நல்ல சிரிப்பு, ஆனால் பாதியில் நின்றுவிட்டது.

"இதற்கும் திருட்டிற்கும் என்ன தொடர்பு?" என்றார் யோரிஸ்.

"ஒரு சம்பந்தமும் இல்ல," என்றாள் அண்ணி. "அது இவன் சந்தோஷத்துக்கு. இது என்னுது. மார்லேன், கைய மேசைமேல வைம்மா. இடது கை."

மார்லேன் அசையவில்லை.

"வேணாம், நான் காலையிலயே பாத்துட்டேன். நெரேயோ, நீயும் பாத்தே. என்ன நிறம்?"

"நல்ல மாநிறம். நகம்வரைக்கும் ஒரே மாதிரி..." என்றேன். நிறுத்தினேன்.

"பதினோரு வருஷம் மோதிரம் கிடந்த விரல். அதைப் போட்டுக்கிட்டே ஏழு வாரம் வெயில்ல குளிச்சதா சொல்றாங்க. முந்தாநாள் கழட்டினதா இருந்தா அந்த இடத்துல ஒரு வெள்ளை வளையம் இருக்கணும். கொக்கு மாதிரி பளிச்சுன்னு தெரியணும். ரெண்டு நாள்ல எந்த வெயிலும் அதை மூடாது."

அண்ணி மூடியிருந்த கையைத் திறந்தாள். மோதிரம் மேசையில் உருண்டு, பழக்கூடையில் மோதி நின்றது. உள்பக்கம் ‘யோரிஸ்’ என்று பொறித்திருந்தது.

"வில்மாவோட பலகையில மூணாவது ஆணி. கரையில கண்டெடுத்ததுன்னு சொல்லி ஒரு பொம்பளை குடுத்துட்டுப் போயிருக்கா. இன்னிக்கு இருபத்திரண்டாவது நாள். அன்னிலேர்ந்து தினம் உள்ள போகும்போதும் வெளிய வரும்போதும் அந்த ஆணியப் பாத்துட்டுத்தான் போறாளாம். யாரோ எடுத்துட்டுப் போயிடுவாங்களோன்னு பயமா, எடுக்கலியேன்னு வருத்தமான்னு வில்மாவுக்கே புரியலியாம்."

"ஆனால் திங்கட்கிழமை நான் பார்த்தேன்!" என்றார் யோரிஸ்.

"விளக்கைப் பாத்திருப்பீங்க," என்றேன்.

மார்லேன் பேசினாள். இஸ்திரி போட்ட மொழி இல்லை அது. சுவருக்கு அந்தப் பக்கம் கற்றுக்கொண்டது.

"அங்க யாரும் என்னைப் போட்டோ எடுக்கறதில்ல. தர்பூசணி தருவாங்க, திட்டுவாங்க, முதுகுல எண்ணெய் தேய்ச்சு விடுவாங்க. ஒருநாள் கழட்டினேன், மறுபடி போடத் தோணல. இவரு என்னிக்குக் கவனிக்கிறார்னு பாப்போம்னு குடுத்துட்டேன். புதன்கிழமைகூட இவரு கவனிக்கல. பீச் பழப் படத்துக்குக் கீழ எவளோ ஒரு வாசகி, ‘மார்லேன் மோதிரம் எங்கே’ன்னு கேட்டிருந்தா. உடனே என்கிட்ட வந்து கேட்டாரு. கிண்ணத்துல வெச்சேன்னு வாயில வந்துடுச்சு. நேத்து கிளீன் பண்ண வந்தாளேன்னு இவரு சொன்னாரு. நான்... பேசாம இருந்துட்டேன்."

"இருபத்திரண்டு நாள் புருஷனுக்குப் பரீட்சை வெச்சே," என்றாள் அண்ணி. அவள் குரல் அவ்வளவு கசந்து நான் கேட்டதில்லை, என் அண்ணனிடம்கூட. "பெயிலானது அவன். தண்டனை இவளுக்கா? அவன் குருடன், விட்டுத்தள்ளு. உனக்குக் கண்ணு இருந்துது."

மார்லேன் தலையைக் குனிந்துகொண்டாள். யோரிஸ் தோல் பையைக் கீழே வைத்தார். நிலைமையைச் சமாளித்துவிட்ட மனிதரின் முகம்.

"நல்லது. புகார் வேண்டாம். மோதிரம் கிடைத்துவிட்டது என்று என் பக்கத்தில் எழுதிவிடுகிறேன். மற்றவை எங்கள் அந்தரங்கம்."

"கெடைச்சிடுச்சுன்னா?" என்றாள் ராட்மிலா. அன்றைக்கு அவள் முதல்முறையாக வாய் திறந்தாள். "நான் பயந்துபோய்த் திருப்பி வெச்சுட்டேன்னுதான் ஊரு பேசும். அப்படி எழுதாதீங்க சார். நடந்தத எழுதுங்க."

யோரிஸ் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். உதவி எந்தப் பக்கத்திலிருந்தும் வரவில்லை. மார்லேன் அவர் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்கி எழுத ஆரம்பித்தாள். பத்து நிமிடம் எழுதினாள். அழுதுகொண்டே எங்களுக்குப் படித்துக் காட்டினாள். நன்றாக எழுதியிருந்தாள். மோதிரத்தைக் கழற்றிய காலை, வெறும் விரல், ஒரே வீட்டுக்குள் யார் கண்ணிலும் படாமல் வாழ்ந்த இருபத்திரண்டு நாள், ஹாம்பர்கர் எல்லாம் இருந்தது. நீவெஸ் அம்மாள் மூக்கை உறிஞ்சினாள்.

ராட்மிலா கடைசிவரை கேட்டாள்.

"நல்லா இருக்கு," என்றாள். "இதுல நான் எங்க?"

மார்லேன் கைப்பேசியை மேலும் கீழுமாகத் தள்ளித் தேடினாள். ராட்மிலாவின் பெயர் அதில் ஓர் இடத்தில்கூட இல்லை.

"நான் சொல்றேன், எழுது. ‘ராட்மிலா எதையும் எடுக்கவில்லை. மோதிரம் திருடுபோகவே இல்லை, நாங்கள் இருவரும் பொய் சொன்னோம்.’ அவ்வளவுதான். மத்ததெல்லாம் உங்க வீட்டுக் கதை. போட்டாலும் சரி, போடலேன்னாலும் சரி."

மார்லேன் எழுதியதை முழுக்க அழித்துவிட்டு அந்த இரண்டு வரியை மட்டும் போட்டாள். ராட்மிலா தன் கைப்பேசியில் அது வரும்வரை நின்று, வந்ததை இரண்டு முறை படித்து, தன்னை நிறுத்திய மூன்று வீடுகளுக்கும் அனுப்பினாள். பிறகு யோரிஸின் தோல் பையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"மணி நாலாகப் போவுது. கிளம்புங்க."

"புகார்தான் இல்லையே. எங்கே போவது?"

"ஸ்டேஷனுக்கு. வாய்வார்த்தையா என் பேரைச் சொல்லி வெச்சிருக்கீங்க இல்ல? அங்கயும் இதே ரெண்டு வரி, கையெழுத்தோட வேணும். நானும் வரேன்."

படியிறங்கித் தெருவுக்கு வந்தோம். யோரிஸ் வெயிலில் ஒவ்வொரு அடியாக யோசித்து யோசித்து வைத்தார். ராட்மிலா திரும்பிப் பார்த்தாள்.

"வேகமா நடங்க சார். அஞ்சு மணிக்கு எனக்கு வேலை இருக்கு."